விளக்கு வைத்த பின் வரும் குரல்

யுத்தத்துக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் எல்லாரும், குண்டு விழக் காணோமே என்று அசடு வழியத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த எங்கள் வீடும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்துவிட்டது. திறந்து பார்த்தால் மெத்தை, தலையணை எல்லாம் ஈரம் கோத்து, உள்ளே பஞ்சு முடிச்சு முடிச்சாக இறுகிப் போயிருந்தது. அம்மா கச்சேரி சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து பஞ்சு கொட்டுகிற சாயபு ஒருவரை வரவழைத்துப் பின்கட்டில் உட்காரவைத்தாள்.

ஆள் உயரத்துக்கு ஒரு வில். அதை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, நரம்பைப் பஞ்சுக்குள் அமிழ்த்தி, ஒரு மரக்கட்டையால் அவர் தட்டுவார். டொய்ங் என்று ஒரு சத்தம் எழும்பி, சுவரெல்லாம் போய்த் தொட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வரும். அது திரும்பி வருவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு விட்டு எழும்பியது. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயிலில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை. ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியவன் காப்பி டம்ளரும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன். என் தலையிலும் மீசையிலும் பஞ்சு வந்து உட்கார்ந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

என் உத்தியோகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்துவிட்டு வக்கீலாகக் கொஞ்ச நாள் கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபக்கார வக்கீலை எந்த நீதிபதிக்கும் பிடிப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் இந்தப் புரொபேஷன் ஆபீசர் வேலை கிடைத்தது. முதல் தடவையாகத் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவனை ஜெயிலில் தள்ளாமல், ஒழுங்காக இருக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம் என்று சில வருஷங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்திருந்தது. அப்படி விடப்பட்டவர்களைப் போய்ப் பார்ப்பதும், வேலை தேடித் தருவதும், அவர்களுடைய மாமியார் சண்டை வரைக்கும் பஞ்சாயத்துப் பண்ணுவதும் என் பாடு. குறித்த காலம் முடிந்தால் அவன் வழியே அவன், என் வழியே நான். அம்மா இதைக் "கேடிகளுக்கு வாத்தியார் உத்தியோகம்" என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

கட்டைச் சத்தம் நின்றது. சாயபு என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். தாடியில் எது நரை, எது பஞ்சு என்று சொல்ல முடியாது.

"சாருதான் அந்த புரொபேசன் சாரா?"

"ஆமாம்."

"ஒங்க கிட்ட கீற ஆளுங்கள வெளக்கு வெச்சப்புறம் வாசல்ல வந்து கூப்புட மாட்டாங்களாமே, மெய்யா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? பகல்ல போய்ப் பார்ப்பேன், பேசிட்டு வருவேன்."

"அப்போ என்னையும் எடுத்துக்கங்களேன் சார்."

கடையில் ஒரு சாமானைக் காட்டிக் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. வாலிபத்தில் சேர்க்கை சரியில்லாமல் பாத்திரம் பண்டம் திருடி இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். இரண்டாவது தடவை உள்ளே இருந்தபோதுதான் மகள் பிறந்தாள். வெளியே வந்த பிறகு சில வருஷங்கள் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. அந்தச் சில வருஷங்கள் என்றோ முடிந்துவிட்டன. கண்காணிப்பு மட்டும் முடியவில்லை. தினமும் விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து ஒரு கான்ஸ்டபிள் சந்தில் வந்து நின்று குரல் கொடுப்பார். இவர் வீட்டுக்குள்ளிருந்து பதில் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எங்கோ திருடப் போய்விட்டதாகக் கணக்கு. அப்போது பிறந்த மகள் இப்போது கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

அம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டா, ஜெயிலுக்குப் போனவராமே! ஆத்துல வெள்ளிப் பாத்திரமெல்லாம் அப்படியே வெளில கெடக்கேடா" என்றாள். ஆனால் முடித்து வைத்திருந்த முதல் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "தலகாணியையும் இன்னிக்கே முடிச்சுத் தந்துடுங்கோ" என்று அவரிடமே நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிப் பாத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

சொன்னது மெய்தானா என்று பார்க்க ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சந்துக்குப் போனேன். அது இருட்டடிப்புக் காலம். தெரு விளக்குகளுக்குக் கறுப்புக் குல்லாய் போட்டிருந்தார்கள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். மயிலாப்பூருக்கு மேலே அத்தனை நட்சத்திரங்கள் இருந்தன என்பது அந்த வருஷங்களில்தான் எனக்குத் தெரிந்தது. கடல் காற்று சந்து வரைக்கும் தாராளமாக வந்தது. யாரோ ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினார்கள். அந்த இருட்டுக்குள் நின்றபோது, ஊர் முழுவதும் ஒரே வீடாகி நாம் எல்லாரும் அதன் வெவ்வேறு அறைகளில் இருக்கிறோம் என்று தோன்றியது.

அப்போது பூட்ஸ் சத்தம் வந்தது. "டேய், உள்ளே கீறியாடா?"

"கீறேன் எசமான்!"

அவ்வளவுதான். பெயர்கூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. பூட்ஸ் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பதில் குரலை என்னால் மறக்க முடியவில்லை. பகலில் என்னிடம் பேசிய குரல் அல்ல அது. ஒரு சின்னப் பையன் வாத்தியாருக்குச் சொல்லும் குரல். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அதைக் கேட்டுவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதாகச் சாயபு சொன்னார்.

மறுநாளிலிருந்து இதை யார் நிறுத்த முடியும் என்று விசாரிக்கத் தொடங்கினேன். ஸ்டேஷனில் கேட்டால் மேலே கேளுங்கள் என்றார்கள். மேலே கேட்டால் அது ஸ்டேஷன் விஷயம் என்றார்கள். ஆரம்பிக்க உத்தரவு இருந்திருக்கிறது. முடிக்க உத்தரவு போடுவது யார் வேலை என்று யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. என் கையில் இருக்கிறவனுக்கு விடுதலை நாள் தெரியும். அந்த நாளை எண்ணிக்கொண்டே அவன் ஒழுங்காக இருந்துவிடுவான். சாயபு எதை எண்ணிக்கொண்டு ஒழுங்காக இருப்பது? இதைக் கேட்டு ஒரு அதிகாரியிடம் நான் மேஜையைத் தட்டிப் பேசியதில் எனக்குத்தான் கெட்ட பெயர் வந்தது.

கடைசியில் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் வேறு வழியில் போனேன். நியாயம் பேசினால் எடுபடாது என்று அதற்குள் தெரிந்திருந்தது. "சார், இருட்டடிப்பு நேரத்தில் உங்கள் ஆள் இப்படித் தெருவில் கத்தினால் ஜனங்கள் குண்டு விழப்போகிறது என்று பயந்து ஓடுகிறார்கள்" என்றேன். அவர் யோசித்தார். ஓடுகிறார்களா என்று கேட்டார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றேன்.

"அப்போ அவன் உள்ளே இருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியறது?"

அந்த க்ஷணத்தில் எனக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் ஞாபகம் வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டதும் சாயபு தன் வில்லை மூன்று தடவை தட்டட்டும், கான்ஸ்டபிள் பேசாமல் போய்விடட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் சங்கீதப் பிரியர். "நல்ல நாதமா இருக்குமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் அவை தூக்கத்தில் நடந்தவையா என்று சந்தேகமாக இருக்கிறது. வேலை முடிந்து அந்த வழியாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கறுத்த தெரு. பக்கத்தில் வருகிறவர் முகம் தெரியாது. வெற்றிலை வாசனையோ மல்லிகை வாசனையோ மட்டும் தெரியும். எங்கிருந்தோ டொய்ங் என்று ஒன்று கிளம்பும். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. சந்து ஜனங்கள், சாயபுவுக்குத் தியாகராய நகர்ப் பங்களாக்காரர்களிடமிருந்து நிறைய மெத்தை வேலை வந்திருக்கிறது, மனுஷன் ராப்பகலாக உழைக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது சத்தம் அடங்கும் வரைக்கும் நான் நின்ற இடத்தில் நிற்பேன். அது அடங்கும் இடம் தெரியவே தெரியாது. சத்தம் முடிந்துவிட்டதா, காதுக்குள் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அம்மா கதவைத் திறந்து, "எங்கேடா போயிண்டிருக்கே நீ, முழிச்சிண்டேவா, தூங்கிண்டேவா?" என்பாள்.

சுதந்திரம் வந்த பிறகு, தண்டனை முடிந்தவர்களைப் போலீஸ் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதற்கு ஒரு வரம்பு வேண்டாமா என்று யோசிக்கப் பெரியவர்கள் சிலரை உட்காரவைத்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். காலக்கெடு வேண்டும், அது முடிந்ததை எழுத்தில் அவனுக்குச் சொல்ல வேண்டும், வாசலில் நின்று கூப்பிடுவது கூடவே கூடாது என்று சொன்னேன். சாயபுவின் வாசல் அடியோடு ஓய்ந்ததும் அதற்கப்புறம்தான். ஆனால் நான் உண்மையில் சொல்ல நினைத்தது ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றி. அவர்கள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? நடுவில் யாராவது கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். இங்கே சொல்கிறேன்.

வில் ஏற்பாடு நன்றாக நடந்துகொண்டிருந்தபோது மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. அடையாற்றில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தையல்காரர் வீட்டுப் பையன். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சில வருஷங்களுக்கு முன் வந்து குடியேறியவர்கள். பையனும் மெஷின் மிதிக்கிறான், நல்ல பிள்ளை என்று கேள்வி. அவர்கள் வருகிற அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் சாயபு. "சார் ஒருத்தரு பக்கத்துல கீறீங்கன்னா ஒரு கௌரவம்" என்றார். உள்ளே பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது. இதுவும் தட்டிப்போனால் பெண் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

பகலிலேயே வந்திருக்க வேண்டியவர்கள் பாலத்தில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போனதால் தாமதமாகி, பொழுது சாய்ந்துதான் வந்தார்கள். தையல்காரர், அவர் மனைவி, பையன். ஒல்லியான மனிதர் தையல்காரர், அதிகம் பேசவில்லை. மூலையில் வில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயபு ஏதோ வேலை இருப்பவர் போல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சுவரோரம் புதிதாகக் கொட்டிய பஞ்சு குவிந்து கிடந்தது. சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்த அறையே பஞ்சுக்குள் இருப்பது போலிருந்தது. எனக்கு எலுமிச்சை சர்பத்தும் அவர்களுக்கு டீயும் பிஸ்கோத்தும் வந்தன. பெண் வந்து சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையன் தலை நிமிரவே இல்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. தையல்காரர் மனைவி உள்ளே போய் அவளோடு பேசிச் சிரிப்பது கேட்டது. விஷயம் கனிந்துவிட்டது என்று நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பூட்ஸ் சத்தம் வந்தது. சாயபு கட்டையை எடுத்து, பேச்சோடு பேச்சாக, நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போல மூன்று தடவை தட்டினார். சத்தம் பஞ்சின் மேல் பரவி அடங்கியது.

பூட்ஸ் நகரவில்லை.

"டேய், உள்ளே கீறியாடா?"

பழக்கமான குரல் அல்ல. வழக்கமாக வருகிறவரைத் துறைமுகத்துப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டு வேறொருவரை அனுப்பியிருக்கிறார்கள். வில் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சாயபு இன்னொரு தடவை மூன்று தட்டுத் தட்டினார்.

"இன்னாடா, வேடிக்க காட்டினு கீற? வாயத் தொறந்து சொல்லுடா! உள்ளே கீறியா, இல்லியா?"

சாயபு கட்டையைக் கீழே வைத்தார். அவர் உள்கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பதில் சொன்னால் மகள் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் அவரே போச்சு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தக் கான்ஸ்டபிளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று எழுந்தேன்.

நான் வாசலை எட்டுவதற்குள் என் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"கீறேன் எசமான்!"

திரும்பிப் பார்த்தேன். சாயபு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தையல்காரர்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருந்தது. டீ அவர் வேட்டியில் கொட்டியிருந்தது. சின்னப் பையன் வாத்தியாருக்குச் சொல்லும் அதே குரல்.

வெளியே, "அப்பவே சொல்றதுக்கின்னா?" என்று ஒரு முணுமுணுப்பு. பூட்ஸ் சத்தம் அடுத்த தெருவுக்குப் போயிற்று. முகத்தைப் பார்க்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, குரல்தான் வேண்டும், அது கிடைத்துவிட்டது.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது தையல்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. மெல்ல உட்கார்ந்தார். உள்ளிருந்து ஓடி வந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். பையன் தகப்பனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"வாசல்ல வந்து என்னக் கூப்புடறத வுட்டு ரொம்ப வருசம் ஆச்சு" என்றார் தையல்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சேன்னுதான் ஆத்துக்கு அந்தாண்ட வந்தோம். மறைக்கணும்னு இல்ல. சொன்னா பொண்ணு தர மாட்டீங்கன்னு..."

சாயபு எழுந்து போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அவன் கூப்டது ஒங்கள இல்ல சம்பந்தி" என்றார். "என்னியத்தான்."

தையல்காரர் வில்லைப் பார்த்தார். பிறகு சாயபுவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, எது வரைக்கும் சிரிப்பு என்று சொல்ல முடியாது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு உறவு அங்கே உண்டாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

உள்ளிருந்து பெண்ணின் குரல் வந்தது. "வாப்பா, மாமாவுக்கு டீ கொட்டிப்போச்சு. வேற போட்டாறட்டுமா?"

மாமா என்று அவள் சொன்னதைத் தையல்காரர் மனைவி கவனித்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாயபு மெதுவாகக் கேட்டார். "ஒங்களக் கூப்புடறத வுட்டாங்களே, அன்னிக்கு நல்லா தூக்கம் வந்துச்சா?"

"வரல" என்றார் தையல்காரர். "அவன் வரவே இல்ல. எனக்குப் பயமாப்போச்சு. காலைல நானே ஸ்டேசனுக்குப் போயி, இனிமே நான் சொல்ல வேணாமா எசமான்னு கேட்டேன். வேணாம் போடான்னாங்க. மறுநாளும் போயி கேட்டேன்."

சாயபு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புது டீ வந்தது. சீர் செனத்தி பற்றிக் கொஞ்சம் பேச்சு, யார் யாரைக் கூப்பிடுவது என்று கொஞ்சம் பேச்சு. எல்லாவற்றிலும் பெண்கள் ஒன்று சொன்னார்கள், ஆண்கள் ஒன்று சொன்னார்கள். நிக்காஹ் எந்த நேரத்தில் என்று வந்தபோது மட்டும், யார் முந்தினார்கள் என்று தெரியாமல் இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்தே சொன்னார்கள்: "பகல்ல வெச்சிக்கலாம். வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயிடணும்."